பட்டியலில் இரண்டு படி இறங்கியதால் ஊதாத் தவளை தப்பிவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அதுதான் ஆபத்தான நிலையைத் தாண்டிவிட்டதே, பிறகென்ன?" என்ற பதில் இப்போது உடனே வருகிறது. பேச்சுக்கு அடிப்படை இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 2004-ல் 'அருகிய இனம்' என்று வைக்கப்பட்ட இந்தத் தவளை, 2023-ல் வெளியான மறுமதிப்பீட்டில் 'அச்சுறு நிலைக்கு அண்மையில் உள்ள இனம்' என்ற வகைக்கு மாற்றப்பட்டது. மாற்றியது தவறு என்று நாங்கள் வாதாடவில்லை. பட்டியலின் விதிகளின்படி அது சரியே. அதைக் காரணம் காட்டி, ஓடைக்குள் ஜே.சி.பி. இறக்கவும் மலைச்சாலையோரம் நெட்டுக்குத்தாகச் சாக்கடை கட்டவும் இனித் தடையில்லை என்று முடிவுகட்டுவதைத்தான் மறுக்கிறோம். விவரமாக எழுதினால்தான் விஷயம் புரியும் என்பதால் கடிதம் சற்று நீள்கிறது.

கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக மலையேறினால் வருவது கட்டப்பனை. அந்தப் பகுதியில் கிடைத்த தவளையை வைத்துத்தான் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த பிராங்கி போசூயும் 2003 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்ற புதிய இனத்தை விவரித்தார்கள். இனம் மட்டுமன்று, குடும்பமே புதிது. தவளைகளில் ஒரு புதிய குடும்பம் கண்டறியப்பட்டது 1926-க்குப் பிறகு அதுவே முதல்முறை. இந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவினர்கள் இந்தியாவில் இல்லை. நடுக்கடலில், செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இரண்டு கிளைகளும் பிரிந்து ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஒரு வேடிக்கை: இதன் தலைப்பிரட்டையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விலங்கியலாளர் நெல்சன் அன்னண்டேல் விவரித்துவிட்டார். அது வளர்ந்தால் என்ன தவளை ஆகும் என்பதுதான் பல பத்தாண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. மண்ணுக்குள் 1.3 முதல் 3.7 மீட்டர் ஆழம் வரை வளை தோண்டிக் கிடக்கிற உயிரை யார் பார்க்க முடியும்?

இனி அந்த வகைமாற்றத்துக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளில் பெரும்பாலானவை சிவப்புப் பட்டியலில் இடம்பெறுவது பரப்பளவுக் கணக்கை வைத்துத்தான். எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்று காட்டி ஓர் இனத்தைப் பட்டியலில் சேர்க்கவும் விதி உண்டு: பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 30 விழுக்காடு குறைந்தால் ஒரு வகை, 50 என்றால் அடுத்தது, 80 என்றால் அதற்கும் மேல். ஆனால் தொடக்கத்தில் எத்தனை இருந்தன என்று எண்ணி வைக்காத உயிருக்கு இந்த விதியால் பயனில்லை. ஆகவே பரப்பளவு. அறியப்பட்ட இடங்கள் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து, வெளியோரப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் கிடைக்கும் பலகோண வடிவம் 5,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைவாகவும், இருப்பிடங்கள் ஐந்துக்கு மிகாமலும், வாழிடம் தொடர்ந்து சீரழிந்துகொண்டும் இருந்தால் 'அருகிய இனம்'. பரப்பு 20,000-க்குள்ளும் இருப்பிடங்கள் பத்துக்குள்ளும் என்றால் அதற்குக் கீழுள்ள வகை. இந்த வரம்புகளைச் சற்றே தாண்டி நிற்பவைதான் 'அண்மையில் உள்ள' வகையில் வைக்கப்படுகின்றன.

2004-ல் இந்தத் தவளை அறிவியல் பதிவில் இருந்தது இடுக்கி மாவட்டத்தின் ஓரிரு இடங்களில் மட்டுமே. பிறகு தேடத் தேட, வடக்கே வயநாட்டுப் பக்கம் ஒட்டகக் கூன் மலைத்தொடரிலிருந்து தெற்கே அகத்தியமலையின் வடபகுதி வரை பதிவுகள் கிடைத்தன. தமிழ்நாட்டின் ஆனைமலையும் அதில் அடக்கம். பதிவுகள் கூடக் கூடப் பலகோணம் விரிந்தது, பழைய வரம்பு உடைந்தது. அதாவது, மாறியது நம் அறிவே தவிர தவளையின் நிலைமை அன்று. ஓர் இனம் உண்மையிலேயே மீண்டு வந்ததால் வகை மாறுவதும், புதிய தகவலால் வகை மாறுவதும் வேறுவேறு என்று அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர்களே பிரித்துத்தான் பதிவு செய்கிறார்கள். செய்தியாகும்போது இந்தப் பிரிவினைதான் முதலில் உதிர்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தப் பலகோணத்துக்குள் என்னென்ன இருக்கின்றன? பாலக்காட்டுக் கணவாயின் சமவெளி இருக்கிறது, நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன, தேயிலைச் சரிவுகளும் ஊர்களும் இருக்கின்றன. தவளை இவற்றில் பெரும்பாலானவற்றில் இல்லை. இதைச் சரிக்கட்ட இரண்டாவது ஓர் அளவு உண்டு: நிலத்தை 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, தவளை இருக்கும் கட்டங்களை மட்டும் எண்ணுவது. ஒரு கட்டம் 4 சதுர கிலோமீட்டர். அந்த 4 சதுர கிலோமீட்டருக்குள் ஆறு ஓடைகள் இருந்து, அவற்றில் ஐந்தில் தவளை அழிந்துபோனாலும், ஆறாவதில் ஒரே ஒரு தலைப்பிரட்டை தென்பட்டால் கட்டம் 'இருக்கிறது' கணக்கில்தான் நிற்கும். உலக அளவில் இனங்களை ஒப்பிட இப்படி ஓர் அளவுகோல் தேவை. ஓர் ஊராட்சி ஓடையில் என்ன செய்யலாம், என்ன கூடாது என்று முடிவெடுக்க அது உதவாது. அந்த வேலைக்காக அது செய்யப்படவும் இல்லை.

ஓடை ஓடையாகப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இந்தத் தவளையின் வாழ்க்கைமுறை. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள். அங்கே கறையான்தான் உணவு. கோடை மழை இறுகி, மண் ஊறி, வறண்டு கிடந்த ஓடையில் நீர் ஓடத் தொடங்கும் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரையிலான காலத்தில், சில இரவுகள் மட்டும் மேலே வரும். ஆண் தவளை ஓடைக்கரை வளைக்குள் இருந்தபடியே, மெல்லிய மண்மூட்டத்துக்குக் கீழிருந்து கூப்பிடும். கோழி கொக்கரிப்பதைப் போலிருக்கும். பெண்ணோடு ஒப்பிட ஆண் மிகச் சிறியது. அது பெண்ணின் பின்பகுதியைப் பற்றிக்கொள்ள, இணை ஓடைக்குள் இறங்கி, பாறைப்படுகையின் குழிகளிலும் இடுக்குகளிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். பொரிக்கும் தலைப்பிரட்டைக்கு வாய் ஓர் உறிஞ்சி. பருவமழை வெள்ளம் சீறிக்கொண்டு ஓடும்போது வழுக்குப்பாறையில் வாயால் ஒட்டிக்கொண்டு, பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். கால் முளைத்துக் கரையேற நூறு நாளுக்கு மேல் பிடிக்கும். 110 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஜூன் முதல் வாரம் பொரித்தது செப்டம்பர் கடைசியில்தான் வெளியேறும்.

இந்தக் கணக்கில் ஏதாவது ஒரு கண்ணி அறுந்தால் அந்த ஓடையின் அந்த ஆண்டுத் தலைமுறை முழுவதும் போயிற்று. வளர்ந்த தவளைகள் மண்ணுக்குள் உயிரோடுதான் இருக்கும், அடுத்த ஆண்டு மறுபடி கூப்பிடவும் செய்யும். அதனால் கெடுதி உடனே வெளியில் தெரியாது. ஓடை கெட்டு, கிழத் தவளைகள் ஒவ்வொன்றாகச் செத்து, ஒரு கோடையில் சத்தமே கேட்காமல் போகும்போது காரணத்தைத் தேடினால், அது என்றோ கட்டிய ஒரு சுவராக இருக்கும்.

அந்தச் சுவர் பெரும்பாலும் தடுப்பணை. நீரைத் தேக்குவது நல்ல காரியம் என்பதில் மறுப்பில்லை. எங்கே, எப்போது, எவ்வளவு உயரத்தில் என்பதுதான் கேள்வி. பாறைப்படுகையில் சிமென்ட் தடுப்பணை கட்டினால் மூன்று கேடுகள் வருகின்றன. முதலாவது வண்டல். ஓட்டம் தணிந்ததும் மண் அடியில் படிகிறது. அணையின் நோக்கங்களில் ஒன்றே அதுதான். வண்டல் மூடிய பாறையில் பாசி வளராது, உறிஞ்சி வாய் ஒட்டாது. வேகமான நீருக்கென்று அமைந்த உடம்பு, தேங்கிய நீரில் ஒன்றுக்கும் உதவாது. இரண்டாவது, அணைக்குக் கீழே உள்ள பாறை. ஆகஸ்டில் மழை இரண்டு வாரம் விட்டால், இயல்பான ஓடையில் மெல்லிய கசிவாவது ஓடிக்கொண்டிருக்கும். அணை இருந்தால் அந்தக் கசிவு முதலில் தேக்கத்தை நிரப்பப் போய்விடும். கீழே பாறை காய்ந்து, 70, 80 நாள் வளர்ந்த தலைப்பிரட்டைகள் குழிகளில் வெந்து சாகும். மூன்றாவது மீன். தேக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் யாராவது திலேப்பியாவைக் கொண்டுவந்து விடுவார்கள். கொசு ஒழிப்பு என்று கப்பியோ கம்பூசியாவோ விடுவதும் உண்டு. தலைப்பிரட்டைக்கு இவை எமன்.

வேலை நடக்கும் காலமும் சிக்கல்தான். ஓடை வறண்டிருக்கும்போதுதான் கான்கிரீட் போட முடியும் என்பதால் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வேலை குவிகிறது. நிதியாண்டுக் கணக்கு முடிக்கும் அவசரமும் அதோடு சேர்ந்துகொள்ளும். புதுச் சிமென்ட் கழுவிய நீரின் காரத்தன்மை, பி.எச். அளவில் 12-ஐத் தொடும். முதல் மழையில் அது நேராக முட்டைக் குழிகளுக்குள் இறங்குகிறது. கான்கிரீட் இறுக 28 நாள் என்பது எந்தப் பொறியாளரும் அறிந்தது. ஏப்ரல் கடைசியில் தவளை கூப்பிடத் தொடங்கும் என்றால், ஓடைக்குள் சிமென்ட் வேலை மார்ச் 15-க்குள் முடிந்திருக்க வேண்டும். நீராற்றும் தண்ணீரைப் பாறைக் குழிகளுக்குள் விடாமல் மணல்மூட்டை வைத்துத் தடுத்து, கரை மண்ணுக்குத் திருப்ப வேண்டும். கலவை இயந்திரமும் மூட்டைகளும் படுகைக்குள் இருக்கக் கூடாது. கரையிலிருந்து பத்து மீட்டராவது தள்ளியிருப்பது நல்லது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் எளிய விதி ஒன்றைச் சொல்கிறோம். ஓடையில் பாறைப்படுகையும் அருவிப்படிகளும் உள்ள பகுதியை விட்டுவிட்டு, மண்ணும் கூழாங்கல்லும் நிறைந்த கீழ்ப்பகுதிக்கு அணையைக் கொண்டுபோங்கள். நீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதே நோக்கம் என்றால், பாறையின்மேல் தேக்கி என்ன லாபம்? மேலேதான் தடுப்பு வேண்டும் என்றால், ஒரு மீட்டருக்கு மிகாத உயரத்தில் கல் அடுக்கிய தடுப்பே போதும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நீர் கசியும். நடுவில் தாழ்வாய் விட்டால் வெள்ளம் கரையை அரிக்காது. சிமென்ட் பூசி அந்த இடைவெளிகளை அடைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பூசினால்தான் அளவுப் புத்தகத்தில் காட்ட முடியும் என்பது அதற்குப் பின்னாலுள்ள காரணமாக இருக்கலாம்.

தடுப்பணைக்கு அடுத்தது கறுப்புக் குழாய். மலைத்தோட்டங்களில் ஓடையின் மேற்பகுதியிலிருந்து ஹெச்.டி.பி.இ. குழாய் போட்டு, மோட்டார் இல்லாமலே நீரை இறக்குவது வசதியான ஏற்பாடு. ஒரு குழாயால் ஓடை வறளாது. ஏழெட்டுக் குழாய்கள் ஒரே மடுவில் வாய்வைத்தால், மழை விட்ட வாரத்தில் கீழே பாறை காய்ந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தோட்டத்துக்கு அவ்வளவு நீர் தேவைப்படுவதில்லை. ஆனாலும் குழாயை யாரும் மூடுவதில்லை, தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும். தொட்டி வாயில் ஒரு மிதவை வால்வு வைத்தால் போதும். கறையானுக்கு ஊற்றும் குளோர்பைரிபாஸையும் இங்கே சொல்ல வேண்டும். தவளையின் உணவையே அழிக்கிற மருந்து அது. மழையில் கரைந்து ஓடைக்குப் போனால் தலைப்பிரட்டையையும் கொல்லும். ஓடைக்கு இருபுறமும் 20 மீட்டரை விட்டு மருந்தடிப்பது தோட்டக்காரருக்குப் பெரிய இழப்பன்று.

சாலைக்கு வருவோம். இந்தத் தவளை துள்ளாது. பருத்த உடம்பும் குட்டைக் கால்களுமாக ஊர்ந்துதான் நடக்கும். வளையிலிருந்து ஓடைக்குப் போகும் வழியில் சாலை குறுக்கிட்டால், அதைக் கடக்க அது எடுக்கும் நேரத்துக்குள் ஒரு ஜீப் வந்துவிடும். நசுங்குவது முட்டை சுமந்த பெண் என்றால் இழப்பு இரண்டாயிரத்துக்கு மேல். இதற்கு எச்சரிக்கைப் பலகை வைப்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. மழை இரவில், வளைவில், கையகல உயிரைப் பார்த்து யாரும் பிரேக் போடப்போவதில்லை. பலன் தரக்கூடியது வேறு. தவளை கூப்பிடும் ஓடைக்கு அருகே சாலையில் 200, 300 மீட்டர்த் துண்டு எது என்பதை முதலில் குறிக்க வேண்டும். கூப்பிடு சத்தம் கேட்ட நாளிலிருந்து ஒரு பத்து இரவு, எட்டு மணி முதல் விடியற்காலை ஐந்து வரை, அந்தத் துண்டின் இரு முனையிலும் வண்டிகளை நிறுத்தி, ஆள் டார்ச்சோடு நடந்து பார்த்த பிறகு தொகுதி தொகுதியாக விட வேண்டும். முழுத் தடை தேவையில்லை. காய்கறி லாரிக்குப் பத்து நிமிடத் தாமதம். ஏலத்தோட்ட வேலைக்குக் காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் இறங்கிவிடும் தேனி மாவட்டத் தொழிலாளர்களுக்கு அதுவும் இல்லை. தேதியை முன்கூட்டியே நாட்காட்டியில் அச்சடிப்பதுதான் கூடாது. மழை ஆண்டுக்கு ஆண்டு முன்பின் ஆகும். சத்தத்தைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சாலையைவிடச் சாலையோரச் சாக்கடை மோசம். இரண்டடி ஆழத்துக்கு நெட்டுக்குத்தான கான்கிரீட் சுவரில் விழுந்த தவளை ஏறவே முடியாது. காலையில் வெயிலேறும்போது காய்ந்து சாகும். 20 அல்லது 25 மீட்டருக்கு ஓரிடத்தில், காட்டுப்பக்கச் சுவரை உடைத்து 30 டிகிரிச் சரிவாக்கி, சொரசொரப்பான கல் பதித்தால் தீர்ந்தது. புதிதாகக் கட்டும்போது இது கூடுதல் செலவே இல்லை. ஓடை கடக்கும் சிறுபாலங்களில் உருளைக் குழாய் பதிப்பதும் தவறான பழக்கம். ஓட்டம் குழாய்க்குள் குவிந்து வெளிவாயில் மண்ணை அரித்துப் பள்ளமாக்க, குழாய் அந்தரத்தில் தொங்கும். மேலேறும் எந்த உயிருக்கும் பாதை அடைபடும். பெட்டிப்பாலமாகக் கட்டி, அதன் அடித்தளத்தைப் படுகை மட்டத்துக்கு ஓரடி கீழே இறக்கி, மேலே ஓடையின் கல்லும் மணலுமே நிரம்பும்படி விட வேண்டும்.

தலைப்பிரட்டையை உண்ணும் பழங்குடி மக்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் விஷயம் முழுமையாகாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சில பழங்குடிச் சமூகங்கள் மழைக்காலத்தில் இதன் தலைப்பிரட்டைகளைப் பாறையிலிருந்து பெயர்த்தெடுத்துச் சமைப்பதுண்டு; ஆய்வாளர்கள் இதை ஒரு நேரடி அச்சுறுத்தலாகவே பதிவு செய்திருக்கிறார்கள். ஓர் ஓடையை மொத்தமாக வழித்தெடுத்தால் பாதிப்பு வரும் என்பது உண்மையே. ஆனால் பல தலைமுறைகளாக அவர்கள் எடுத்தும் ஓடைகளில் இவை மிஞ்சி இருந்திருக்கின்றன. அணையும் சாலையும் வந்த ஓடைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வழக்குப் போடுவது எளிது, பயனோ குறைவு. எந்த ஓடையில் எப்போது கூப்பிடும், எந்தக் குழியில் முட்டை இருக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். எடுக்காமல் விடும் ஓடைகளை அவர்களோடு பேசி ஒப்புக்கொள்வதும், கண்காணிப்பு வேலையைக் கூலியோடு அவர்களுக்கே கொடுப்பதும் நடக்கக்கூடியவை.

தமிழ்நாட்டு வாசகர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் தவளையை. 2017-ல் நாசிகாபட்ராகஸ் பூபதி என்ற இரண்டாவது இனம் அங்குள்ள சாம்பல் நிற அணில் சரணாலயத்திலிருந்து விவரிக்கப்பட்டது. 2014-ல் களப்பணியின்போது மலையில் உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயரைத் தாங்கியது. அந்தக் காடு 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. கேரளப் பக்கத்துக் காலக்கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது. இது மலையின் கிழக்குச் சரிவு, மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை இங்கே மெலிந்துதான் வரும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் பங்கு பெரிது. ஓடைகள் ஓடும் மாதங்கள் வேறு, ஆகவே வேலை நிறுத்த வேண்டிய மாதங்களும் வேறு. ஒவ்வோர் ஓடைக்கும் முதல் நீர் வரும் நாளையும் பாறை காயும் நாளையும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ரோந்து ஏட்டில் குறித்துவந்தாலே மூன்று ஆண்டுகளில் நம்பகமான காலக்கணக்கு கிடைத்துவிடும். இனத்தின் பரப்போ சிறியது. மேற்குச் சரிவில் ஓர் ஓடை போவதும் இங்கே ஓர் ஓடை போவதும் ஒன்றல்ல.

கணக்கெடுப்பு என்று ஆர்வத்தோடு கிளம்புவோருக்கும் சில சொல்ல வேண்டும். மண்ணைத் தோண்டித் தேடுவது அறவே கூடாது; வளை இடிந்தால் தவளைக்கு அந்த ஆண்டு இனப்பெருக்கம் இல்லை. சத்தத்தை வைத்துத்தான் கணக்கு. ஒலிப்பதிவுக் கருவியை ஓடைக்கரையில், இலைச்சொட்டு விழாத இடத்தில், சிறு கூரை மறைப்போடு வைத்து, மாலை ஆறு முதல் காலை ஆறு வரை பதினைந்து நிமிடத்துக்கு ஐந்து நிமிடம் பதியுமாறு அமைத்தால் பேட்டரி தாங்கும். கனமழை இரைச்சலில் கூப்பிடு சத்தம் அமுங்கிப்போகும். மழை ஓய்ந்த இடைவேளைகளைத்தான் கேட்க வேண்டும். தலைப்பிரட்டையை ஜூலை, ஆகஸ்டில் எண்ணலாம்: பாறைமேல் அரை மீட்டர்ச் சதுரத்துக்குள் ஒட்டியிருப்பவற்றைக் கையால் தொடாமல் எண்ணி, ஓர் ஓடைக்குப் பத்துச் சதுரமாவது எடுக்க வேண்டும். ஒருமுறை போய்க் காணவில்லை என்றால் 'இல்லை' என்று எழுதக் கூடாது. ஒரே பருவத்தில் மூன்று முறை போய்ப் பார்த்த பிறகே அப்படி எழுதலாம். வெள்ளம் கூடிய நாளில் அவை இடுக்குகளுக்குள் ஒதுங்கிவிடும்.

ஓடைக்கு ஓடை போகும்போது காலணியில் ஒட்டிய சேற்றோடு நோயும் போகும். உலகெங்கும் தவளைகளைக் கொன்ற கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது; தென்னமெரிக்காவைப் போன்ற கொத்துச்சாவு இங்கே பதிவாகவில்லை என்பது ஆறுதல். சேற்றை முழுவதும் தேய்த்துக் கழுவி, 70 விழுக்காடு ஆல்கஹால் தெளித்து, வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே அடுத்த ஓடைக்குள் கால் வைக்க வேண்டும். பிளீச்சிங் கரைசல் பயன்படுத்தினால் அதை ஓடைக்கரையில் கொட்டக் கூடாது.

இருப்பிடத்தை வெளியிடுவதில் பத்திரிகைகளுக்கும் பொறுப்புண்டு. மதிகெட்டான் போன்ற சோலைக்காடுகளின் விண்மீன் தவளைக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்கலாம்: கேரளத்தில் படமெடுக்க வந்தவர்கள் அவை ஒதுங்கும் மரக்கட்டைகளைப் புரட்டிப் போட்டதில் இருப்பிடமே சிதைந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊதாத் தவளையின் படத்தை அச்சிடும்போது வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடையின் பெயர் வேண்டாம். அட்சரேகை, தீர்க்கரேகை தர வேண்டியிருந்தால் ஒரு தசம இடத்தோடு வெட்டிவிட்டால் சுமார் 11 கிலோமீட்டர் மங்கலாகும், அது போதும். கைப்பேசிப் படங்களுக்குள்ளேயே இருப்பிடத் தகவல் பதிந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

2023-ல் வெளியான இரண்டாவது உலக நீர்நிலவாழ்விகள் மதிப்பீடு 8,011 இனங்களைப் பரிசீலித்து, ஏறத்தாழ 41 விழுக்காடு அழிவின் அச்சுறுத்தலில் இருப்பதாகச் சொன்னது. ஊதாத் தவளை அந்த 41-க்குள் இப்போது இல்லை. மழை இரவுகளின் கணக்கு தப்பினால், ஓடைகள் ஒவ்வொன்றாக அணையாக மாறினால், அடுத்த மதிப்பீட்டில் அது திரும்ப உள்ளே வரும். அப்போது 'தகவல் கூடியதால்' என்ற காரணம் இருக்காது.

எனவே தேனி, விருதுநகர், தென்காசி, கோவை மாவட்ட நிர்வாகங்களையும் இடுக்கி மாவட்ட நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்வது இதுதான். ஓடைப் படுகை வேலைகளுக்கு நிர்வாக அனுமதி தரும் கோப்பிலேயே மூன்று விவரங்கள் கட்டாயம் இருக்கட்டும்: படுகை பாறையா மண்ணா, சிமென்ட் வேலை முடியும் தேதி, கடந்த மழைக்காலத்தில் அங்கே தலைப்பிரட்டை பார்க்கப்பட்டதா என்பதற்கு வனத்துறையின் ஒருவரிக் குறிப்பு. குறிப்பு எழுத வனக்காவலர் மழைக்காலத்திலேயே போய்ப் பார்த்திருக்க வேண்டும். வறண்ட ஓடையில் மார்ச்சில் நின்றுகொண்டு எழுதக் கூடாது. சுற்றறிக்கை ஜனவரிக்குள் ஒன்றிய அலுவலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த ஆண்டு வேலை மதிப்பீடுகளில் ஏறும். பிப்ரவரியில் வந்தால் ஒப்பந்தப்புள்ளி திறந்துவிடும்.

இப்படிக்கு,
மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் தவளைக் கணக்கெடுக்கும் களப்பணியாளர்கள் சிலர்,
கம்பம், தேனி மாவட்டம்.